சாதகத்தோடு ஒரு குருதி அறிக்கையும்



எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருத்தி தன் சொந்த மச்சானை மணந்தாள். சண்டிலிப்பாயில் அது புதினமல்ல. பொருத்தமெல்லாம் பார்த்து, கல்வளைப் பிள்ளையாருக்கு அருச்சனையும் செய்து நடந்த கலியாணம். முதற் பிள்ளைக்கு எட்டு மாதத்தில் முகம் வெளிறியது. தலசீமியா என்றார்கள். அன்று தொடக்கம் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு முறை அவனுக்குக் குருதி ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை அகற்ற வேறு மருந்து. "அவள் கொண்டுவந்த வருத்தம்" என்றது ஊர். நாங்களும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரை அலகு வந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய். ஒருவர் மட்டும் காவி என்றால் பயமில்லை, கலியாணத்துக்கும் தடையில்லை. இருவரும் காவிகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணக்கும்போது, இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

பிறகு அவர்கள் லண்டன் போனார்கள். முளையத்தைச் சோதித்துப் பிள்ளை பெறும் முறை 1990இல் அந்த நகரத்தில்தான் முதன்முதல் வெற்றி கண்டது. ஊசி மருந்தால் முட்டைகளை முதிரச் செய்து எடுத்து, வெளியே கருக்கட்டவைத்து, ஐந்தாம் நாளளவில் நச்சுக்கொடியாக மாறவிருக்கும் பகுதியிலிருந்து சில கலங்களை எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை முளையங்கள் உறைநிலையில் இருக்கும். எழுத இலேசு, பட்டவளுக்குத்தான் தெரியும். முதல் முறை தங்கவில்லை. இரண்டாம் முறை மகள் பிறந்தாள், நோயில்லாமல்.

மூத்தவன் வளர்ந்து ஒரு நாள் கேட்டானாம்: "அம்மா, அப்ப என்னையும் சோதிச்சிருந்தா விட்டிருப்பீங்களோ?" அவளிடம் பதில் இருக்கவில்லை. எங்களிடமும் இல்லை.

அங்கே தகுதியுள்ள தம்பதியருக்கு இந்தச் செலவை அரசாங்க சுகாதார சேவை ஏற்கிறது. இங்கே அது எத்தனை பேருக்கு எட்டும்? தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை எங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அறிவதால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. நாட்டில் தலசீமியா நோயாளர் அதிகமுள்ள மாவட்டம் குருநாகல். அது எங்கோ தூரத்துக் கதை என்று நாங்களும் இருந்தோம். ஆனால் காவியா என்று அறிய வேண்டியது ஒரு குருதிப் பரிசோதனைதான்.

இந்த வருடம் எங்களில் ஒருத்தி மகளின் சாதகத்தோடு குருதி அறிக்கையையும் வைத்து அனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து இரண்டு கிழமை பதிலில்லை. பிறகு தங்கள் மகனுடையதையும் அனுப்பினார்கள்.