வரி யார் தலையில்?



2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 26 சதவீதக் கூடுதல் வரி என்று அறிவித்தது. ஒரு வாரத்தில் அது 10 ஆகக் குறைந்தது. ஆகஸ்ட் 7-இல் 25. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27-இல் 50. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அன்று 20தான். இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்தவர் யாரையும் அப்போது நான் பார்க்கவில்லை; கணித்ததாகச் சொல்பவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி ஆர்டர் நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று மாதக்கணக்கில் நகரும். ஏப்ரலில் விலை பேசிய சரக்கு ஆகஸ்டில் கப்பலேறும்போது கணக்கே மாறிவிடுகிறது. அமெரிக்க அளவில் தைத்து, வாங்கும் நிறுவனமான பையரின் லேபிளும் போட்ட பனியனை வேறு யாரிடம் விற்பது?

சட்டப்படி அந்த வரியைக் கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் மெயில் இங்கே வருகிறது: தள்ளுபடி கொடுங்கள். கொடுத்த ஏற்றுமதியாளர், வெளியே தைக்கக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ரேட்டில் கை வைக்கிறார். ஜாப் ஒர்க் எடுத்தவர் ஓவர்டைமை நிறுத்துகிறார். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து ஒரு டெய்லரின் சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்து முடிகிறது. பட்டம் பெறும் மாணவர்களே, புவிசார் அரசியல் இடர் என்று நீங்கள் படித்த பாடத்தில் அந்தச் சனிக்கிழமை இருந்திருக்காது.

பல நாடுகளுக்கு விற்கப் பழகுங்கள் என்று ஆலோசகர்கள் சொல்வது சரிதான். ஆனால் புதிய பையர் கிடைக்க சாம்பிள், ஆடிட் என்று காலம் பிடிக்கும். அதுவரை காப்பது ஒப்பந்தம்தான். 2022-இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பிய கார் நிறுவனமான ரெனோ, அங்குள்ள அவ்டோவாஸ் கார் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை விற்கும்போதே, ஆறு ஆண்டுக்குள் அவற்றைத் திரும்ப வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. அந்த பலம் சிறிய ஏற்றுமதியாளருக்கு இல்லை. ஆனாலும், ஆர்டர் உறுதியான பிறகு வரி ஏறினால் யார் ஏற்பது என்ற ஒரு நிபந்தனையையாவது அவர் கேட்டுப் பார்க்கலாம். பலர் கேட்பதே இல்லை.

உங்களில் சிலர், பையர்கள் சார்பில் ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸில் சேர்வீர்கள். தள்ளுபடி கேட்கும் மெயிலை அடிக்கப்போவது நீங்கள்தான். அதற்கு முன் ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் நூலாக இருந்தால் பேரம் பேசலாம். பெட்டிக்குள் போய்விட்டதென்றால், பழைய விலையையே கொடுக்கச் சொல்லி உங்கள் மேலதிகாரியிடம் வாதாடுங்கள். புதிய விலையை அடுத்த ஆர்டரில் பேசிக்கொள்ளலாம்.