மேஜை வாங்கும் முன் ஒரு இஞ்ச் டேப்

(நம் அசோசியேஷனின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. ஆசிரியர் குழு கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

வழக்கமாக நான் மைக்கைப் பிடித்தால் தண்ணீர் லாரிக் கணக்கோ மெயின்டனன்ஸ் பாக்கியோ வரப்போகிறது என்று பாதிப் பேர் மொபைலை எடுத்துவிடுவீர்கள். இன்று கணக்கு இல்லை. ஒரு ஆப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்கு ஆப் எழுதத் தெரியாது. பி.காம். படித்து, 1982-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ரிடையர் ஆனவன். ஆனால் ஆயுளில் பாதிக்கு மேல் மேஜை முன்னால் உட்கார்ந்தே கழித்தவன் என்ற ஒரு தகுதி உண்டு.

பி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் மூன்று பிள்ளைகளை உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளைஞர்கள் வீட்டுக்குள் ஒரு ஆபீஸ் மூலையை அமைத்துக்கொள்ள உதவும் ஆப் ஒன்றை அவர்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த மேஜை, எந்த நாற்காலி, விளக்கு எங்கே, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அது சொல்லும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் என்னைப் பிடித்து, "அங்கிள், இதை நீங்க பயன்படுத்திப் பாருங்க. எங்கே தடுக்குதுன்னு சொல்லுங்க" என்றார்கள்.

முதல் திரையிலேயே தடுக்கியது. "உங்கள் ஸ்டைல் எது?" என்று கேட்டு ஆறு படங்கள். ஸ்காண்டிநேவியன், இண்டஸ்ட்ரியல், போஹோ என்று என்னென்னவோ. எனக்குத் தெரிந்த ஸ்டைல் இரண்டுதான்: கோத்ரெஜ் பீரோ, பிரம்பு நாற்காலி. ஏதோ ஒன்றைத் தொட்டேன். அடுத்தது பட்ஜெட். 15,000 ரூபாய்க்குக் கீழே விரலால் எவ்வளவு தள்ளினாலும் நகரவில்லை. மூன்றாவது திரையில் சாமான்கள் வந்து குவிந்துவிட்டன. மூன்றே நிமிடத்தில் 42,000 ரூபாய்க்குக் கூடை தயார். என் உயரம் என்ன என்று அது கடைசிவரை கேட்கவே இல்லை.

அங்கேதான் எனக்குப் பழைய வலி ஒன்று ஞாபகம் வந்தது. வலி எனக்கு அல்ல, என் மகளுக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவள் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். இரண்டு வாரம்தானே என்று கட்டிலில் தலையணையை மடியில் வைத்து வேலை செய்தாள். இரண்டு வாரம் பதினோரு மாதம் ஆனது. கழுத்தில் ஆரம்பித்த வலி தோளுக்கு இறங்கி, ராத்திரி புரண்டு படுக்க முடியாத நிலை. உடனே அப்பா என்ன செய்வார்? நல்ல நாற்காலி வாங்கித் தருவார். இணையத்தில் தேடி, நட்சத்திரக் குறிகளை எண்ணிப் பார்த்து, 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். இடுப்புக்கு ஆதரவு, தலைக்கு ஆதரவு, கைக்கு ஆதரவு எல்லாம் இருந்தது. வலி குறையவில்லை. புதிதாகத் தொடையில் மரமரப்பு வேறு சேர்ந்தது.

பிசியோதெரபி செய்ய வந்த அம்மா நாற்காலியைப் பார்க்கவில்லை. அவள் பாதத்தைப் பார்த்தார். என் மகள் நாலு அடி பதினோரு அங்குலம். நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் உட்காரும் பலகை தரையிலிருந்து 18 அங்குலம். குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அவளுக்கு 15 அங்குலம்தான். கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "வீட்டில் மணைப்பலகை இருக்கா?" என்று கேட்டார். பூஜை அறையிலிருந்து எடுத்து வந்தோம். அதைக் காலுக்கடியில் வைத்தார். லேப்டாப்பை என்னுடைய பழைய வருமான வரிப் புத்தகங்கள் நான்கின் மேல் ஏற்றினார். 700 ரூபாய்க்கு ஒரு தனிக் கீபோர்டு வாங்கச் சொன்னார். மூன்று மாதப் பயிற்சியோடு வலி குறைந்தது. அந்தப் பலகை பூஜை அறைக்குத் திரும்பவே இல்லை. என் மனைவிக்கு அதில் இன்றும் வருத்தம்.

இதன் கணக்கை நீங்களே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். சாதாரண மேஜை, சாப்பாட்டு மேஜை எல்லாம் 29, 30 அங்குல உயரம். தட்டச்சு செய்யும்போது மேஜை, முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்தடிக்காரர் தரையில் பாதம் பதிய உட்கார்ந்தால் முழங்கை மட்டம் ஏறத்தாழ 24 அங்குலத்தில் வரும். ஆக, நாற்காலியைத் தாழ்த்தினால் தோளைத் தூக்கிக்கொண்டு தட்ட வேண்டும். உயர்த்தினால் கால் தொங்கும். உயர்த்திவிட்டுக் காலுக்குப் பலகை வைப்பதுதான் வழி. லேப்டாப்பில் இன்னொரு சங்கடம். திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தால் கை எட்டாது. கைக்கு எட்டினால் கழுத்து குனியும். இரண்டையும் பிரிக்காமல் எத்தனை ஆயிரத்துக்கு நாற்காலி வாங்கினாலும் கழுத்துக்கு விடிவு இல்லை.

இதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். "சரி அங்கிள், உயரத்தையும் ஒரு கேள்வியாச் சேர்த்துடறோம்" என்றார்கள். சேர்த்தால் போதாது, அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். காரணம் வங்கியில் கற்றது.

எங்கள் கிளையில் ஒரு மேனேஜர் இருந்தார். பெர்சனல் லோன் கேட்டு யார் வந்தாலும் விண்ணப்பத்தை உடனே நீட்ட மாட்டார். "உங்க பேர்ல டெபாசிட் ஏதாவது இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால், அதன் மேலேயே கடன் போட்டுக் கொடுப்பார். டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்றிரண்டு சதவீதத்தோடு முடிந்துவிடும். பெர்சனல் லோன் என்றால் அந்த மனிதர் பல வருடம் கூடுதல் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். படிவம் அதேதான், கேள்விகளும் அவைதான். எதை முதலில் கேட்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் பணம் மிஞ்சியது.

அதே மாதிரி இந்த ஆப், முதலில் ஆளை அளக்க வேண்டும், அடுத்து அறையை. மூன்றாவதாக, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். சாப்பாட்டு மேஜை, தையல் மெஷின் மேஜை, தாத்தா காலத்து எழுத்து மேஜை, பரணில் கிடக்கும் பலகை. அதற்குப் பிறகு கடைக்குப் போகலாம். போஹோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அறையை அளப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. மொபைல் கேமராவை அறையில் சுற்றிக் காட்டினால், வாங்கப்போகும் மேஜை அந்த இடத்தில் நிற்பது போலவே திரையில் தெரிகிறது. ஐகியா நிறுவனம் 2017-லேயே இப்படி ஒரு ஆப் கொண்டுவந்தது. இவர்களும் அதைச் சேர்த்திருக்கிறார்கள். என் வீட்டில் காட்டியபோது மேஜை தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாலடி ஓர் அங்குலம் என்றது. டேப் வைத்து அளந்தால் மூன்றடி எட்டு அங்குலம்! கேமரா தரையிலும் சுவரிலும் உள்ள புள்ளிகளையும் கோடுகளையும் பிடித்துக்கொண்டுதான் தூரத்தைக் கணிக்கிறதாம். நம் ஃபிளாட்டுகளிலோ பளபளவென்று வெள்ளை டைல்ஸ், வெறும் வெள்ளைச் சுவர். பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. தரையில் ஒரு கோரைப்பாயை விரித்ததும் மேஜை மிதப்பதை நிறுத்தியது. ஆனாலும் இஞ்ச் டேப் அளவைத்தான் கடைசி அளவாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அறையை மட்டும் அளந்தால் போதுமா? சி பிளாக் நான்காவது மாடிச் சுவரில் இருக்கும் நீளக் கீறலைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். போன வருடம் வந்த 'எல்' வடிவ மேஜையின் கைங்கரியம் அது. அறையில் இடம் இருந்தது, லிஃப்டில் இல்லை. நம் லிஃப்ட் கதவின் அகலம் 80 சென்டிமீட்டர், நானே அளந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் மேஜை சிக்கிக்கொள்ள, தூக்கி வந்த இரண்டு பையன்களும் அரை மணி நேரம் தவித்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோனார்கள். அதனால் லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம், வாசல் நிலை மூன்றின் அளவையும் ஆப் கேட்கப்போகிறது. வாடகை வீடா, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடுவாரா என்பதும் சேர்ந்திருக்கிறது.

ஜன்னல் பற்றி ஒரு வார்த்தை. மேற்குப் பார்த்த ஃபிளாட்டில் மூன்று மணிக்கு மேல் வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். பக்கவாட்டில் இருப்பதே நல்லது.

பணம் கட்டும் இடத்தில் "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று பச்சை நிறத்தில் பெரிய பட்டன் இருந்தது. இதில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. கிரெடிட் கார்டில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அதற்கு ஈடான தொகையைக் கடை விலையில் கழிக்கிறது. அந்த வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணம் உண்டென்றால் அதுவும் நம் தலையில். ரொக்கமாக வாங்கினால் அந்தத் தள்ளுபடி நமக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் கிடைக்கும். தவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்ற தொகை பட்டனுக்கு மேலே, அதே அளவு எழுத்தில் வர வேண்டும். இதை ஒப்புக்கொண்டு மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளேயே கேமராவைச் சுற்றிக் காட்டுவதால், அந்தப் படம் எங்கே போகிறது என்றும் கேட்டேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. படம் மொபைலை விட்டு வெளியே போகாது என்கிறார்கள். அதை முதல் திரையில் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் முடியாத வழக்கு ஒன்று உண்டு. அளவெல்லாம் பார்த்த பிறகு சிலருக்கு, "நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பலகையும் கீபோர்டும் போதும்" என்றுதான் ஆப் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண் என்னிடம் நேராகவே கேட்டாள்: "அங்கிள், சாமான் வித்தால்தான் எங்களுக்குக் கமிஷன். வாங்காதேன்னு சொன்னா நாங்க எப்படிச் சாப்பிடறது?" நியாயமான கேள்வி. அவள் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பைப் போட்டு இதைச் செய்கிறாள். எங்கள் மேனேஜருக்கு மாதச் சம்பளம் இருந்தது, அதனால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அளந்து சொல்வதற்கே ஒரு சிறு கட்டணம் வாங்கலாம், ஊழியர்களுக்காக நிறுவனங்களிடம் வாங்கலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். இலவசமாக இல்லாவிட்டால் யாரும் இறக்கிக்கொள்ள மாட்டார்கள் என்கிறாள். இப்போதைக்கு "எதுவும் வேண்டாம்" என்ற பதிலும் ஆப்பில் இருக்கிறது. எவ்வளவு நாள் இருக்கும் என்பது உங்களைப் போன்றவர்கள் பயன்படுத்திப் பார்த்துச் சொல்வதைப் பொறுத்தது.

அப்புறம், என் சொந்தக் குறை ஒன்று. இந்த மூலையெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய மூலைதான். என் மகளின் மேஜைக்காக என் ஈசிசேர் பால்கனிக்குப் போனது, இன்னும் அங்கேதான் மழையில் நனைகிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் குக்கர், எந்த நேரத்தில் சீரியல், இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் மீட்டிங் வருமா என்றும் ஆப் கேட்க வேண்டும் என்றேன். அதைக் குறித்துக்கொண்டபோது மூவரும் சிரித்தார்கள். ஆனால் குறித்துக்கொண்டார்கள்.

வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் மாலை ஐந்து மணிக்கு அவர்கள் கிளப் ஹவுஸில் இருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு, வந்து பாருங்கள். குட்டையானவர்கள், ரொம்ப உயரமானவர்கள் கட்டாயம் வர வேண்டும். இஞ்ச் டேப் என்னிடம் இரண்டு இருக்கிறது. உங்கள் அறையின் நீள அகலத்தை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.