பாலத்துக்கு ஒரு படைவீரர் பேரு: போடி கூட்டத்தில் ஆற்றிய உரை

(தோழர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம்)



கொட்டகுடி ஆத்துப் பாலத்துக்கு ஒரு படைவீரர் பேரு வைக்கணும்னு கேட்கிறோம். “பாலம் உறுதியா இருந்தா போதாதா, பேரு எதுக்கு?”ன்னு ஒருத்தர் கேட்டார். தேனி மாவட்டத்துக்காரங்க இதைக் கேட்கலாமாங்க? தேனி பஸ் ஸ்டாண்டுக்கு யார் பேரு? கர்னல் ஜான் பென்னிகுவிக். ‘கர்னல்’னு வாய் நிறையச் சொல்றோம், அவர் பட்டாளத்து இன்ஜினியர்ங்கிறதைத்தான் மறந்துடுறோம். 1895-ல் பெரியாறு அணையைக் கட்டி முடிச்சவருக்கு இன்னைக்கும் ஜனவரி 15 ஆனா பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறாங்க.

2023 மார்ச் 16-ல் அருணாச்சலப் பிரதேசத்துல ஹெலிகாப்டர் விழுந்து, நம்ம ஜெயமங்கலத்து மேஜர் ஜெயந்த் வீரமரணம் அடைஞ்சார். அன்னைக்குக் கண்ணீரோட நின்னோம். நிக்கணும்தான். ஆனா பெட்டியில வந்தாத்தான் மரியாதையா? உயிரோட திரும்பி வந்து, முழங்கால் வலியோட ரேஷன் கடை வரிசையில நிக்கிறவருக்கு என்ன செஞ்சோம்?

லடாக்கைப் பாருங்க. கர்னல் செவாங் ரிஞ்சன், அந்த மண்ணோட பிள்ளை. 1948-ல் ஒண்ணு, 1971-ல் ஒண்ணுன்னு ரெண்டு மகாவீர் சக்கரம் வாங்கி, ஊர் திரும்பி வாழ்ந்து, 1997-ல் இறந்தவர். 2019 அக்டோபர் 21-ல் ஷியோக் ஆத்து மேல சுமார் 1,400 அடி நீளப் பாலத்துக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க. எல்லைக்குப் போற ஒவ்வொரு ஜவானும் அந்தப் பேரைப் படிச்சுட்டுத்தான் போறான். இங்கே விடிகாலையில ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போற நம்ம பொம்பளைப் பிள்ளைங்களும் அப்படி ஒரு பேரைப் படிக்கட்டுமே.

பேருன்னதும் சிலருக்குப் பயம் வருது. அந்தப் பயம் பொய்யில்லை. 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பேருல போக்குவரத்துக் கழகம் வந்தப்போ தென்மாவட்டத்துல கலவரம். கடைசியில மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் வெச்சிருந்த தலைவர்கள் பேரையெல்லாம் அரசு எடுத்துட்டது. அதனால தெளிவாச் சொல்றோம்: பலகையில பதவி, படைப்பிரிவு, பேரு, ஊரு. அவ்வளவுதான். சாதிப் பட்டம் ஒரு எழுத்து வரக்கூடாது. கட்சிக்கொடியும் வரக்கூடாது, நம்ம கொடி உட்பட. (கைதட்டல்)

யார் பேருன்னு நாங்க முடிவு பண்ண மாட்டோம். முன்னாள் படைவீரர்கள் உட்கார்ந்து பேசிச் சொல்லட்டும். அதை நகராட்சி மன்றத்துல தீர்மானமாக்கி, அரசாணை வர்ற வரைக்கும் அலையறது எங்க வேலை. பாலத்து விளக்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் கேட்கிற கோரிக்கை தனி; பேரு வெச்சுட்டோம்னு அதை யாரும் மூடிவைக்க விடமாட்டோம்.

வீட்டுல அப்பா, தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக் வெச்சிருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை நம்ம அலுவலகத்துக்கு எடுத்துட்டு வாங்க. ஜெராக்ஸ் எடுத்துட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவோம்.