பூட்டிய மடிக்கணினியும் பாலஸ்தாபனமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எமக்குமுன் பேசிய அன்பர்கள் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசினார்கள். எமக்குக் கிடைத்த பொருளோ பாவித்த மடிக்கணினியொன்று பூட்டிக் கிடந்தால் அதில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது எப்படி என்பதாகும். கோயில் வீதியிற் கணினிக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். பேச்சு முடியுமுன் கோயிலுக்கே வந்து சேருவோம்.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புக்களையெல்லாம் இயக்கி, நாம் சொல்வதை அவற்றிற்கும் அவை சொல்வதை எமக்கும் எடுத்துரைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். எமது பாடசாலைப் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்று கூறும். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. இது கெட்டால் கணினி வெறும் பெட்டியே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று மாணவர் கையிலுள்ள மடிக்கணினிகளுட் பல புதியன அல்ல. 2020ஆம் ஆண்டிற் கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கணினி ஆடம்பரப் பொருளன்று, கொப்பி பென்சில் போன்றதே என்பது வீட்டிற்கு வீடு விளங்கிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 350 ரூபாவைக் கடந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளெல்லாம் அதற்கேற்ப விலை ஏறின. ஆகவே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள உறவினர் தாம் பாவித்த மடிக்கணினிகளை அனுப்பி வைத்தார்கள். அவ்வாறு உறவில்லாதோர் பாவித்தவற்றைக் கடைகளில் வாங்கினார்கள்.

பழையதைச் செப்பஞ்செய்து பாவிப்பது இம் மண்ணுக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரமும் இன்றிப் பற்றரியும் தடையாக இருந்த காலத்தில், எம் பெற்றோர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள்; ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெயை மிச்சம்பிடித்துப் படித்தார்கள். அவர்களின் பிள்ளைகளாகிய நாம் ஒரு கணினியைத் திறக்க அஞ்சுவது தகாது. எனினும் அஞ்சாமை வேறு, அவசரம் வேறு. இதனை நாம் ஒரு வீட்டில் ஒரு தாயாரிடம் கற்றோம். அதனைப் பின்னர் சொல்வோம். முதலிற் பூட்டுக்களின் வகையைப் பார்ப்போம்.

பூட்டு நான்கு வகைப்படும். முதலாவது, திரையில் ஆளின் பெயர் காட்டிக் கடவுச்சொல் கேட்பது. இது வாசற்கதவின் பூட்டு மட்டுமே. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் நீங்கிவிடும். இரண்டாவது, வன்தட்டிலுள்ள எழுத்தையெல்லாம் மறைமொழியாக்கி வைக்கும் பூட்டு. விண்டோஸில் இதன் பெயர் பிற்லொக்கர். இதற்குரிய மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்டது. அது பெரும்பாலும் சொந்தக்காரரின் மைக்கிரோசொவ்ற் கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். புதிதாக நிறுவினாற் கணினி பயன்படும். ஆயின் முன்பு இருந்தவை மீளா. மூன்றாவது, இயங்குதளத்திற்கும் முன்னதாகவே எழும் பயோஸ் என்னும் அடிப்படை நிரலின் கடவுச்சொல். இதனை மீள நிறுவுதல் தீர்க்காது. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட பல மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் சிறு பற்றரியைக் கழற்றினாலும் இது போகாது.

நான்காவது பூட்டே எம்மவரை மிகவும் ஏமாற்றுவது. வெளிநாட்டு நிறுவனங்கள் தம் கணினிகளின் அடையாளத்தை இணையத்தின் வழியே தம் பெயரிற் பதிந்து வைத்திருக்கும். அப்பிள் கணினியிலும் முன்னைய சொந்தக்காரரின் கணக்கு இவ்வாறே ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை முறை அழித்து நிறுவினாலும், இணையத்தோடு இணைத்தவுடன் அந்தப் பெயர் திரையில் மீண்டும் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்குவது எளிது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினாலும், காணி உறுதி வேறொருவர் பெயரில் இருந்தால் வீடு யாருடையது? அதுவே இதுவும்.

இத்தகைய கணினியொன்று எம்மிடமும் வந்தது. எம் நண்பரொருவர் கடையொன்றில் வாங்கியது. இருமுறை புதிதாக நிறுவினோம். இருமுறையும் அயல்நாட்டு நிறுவனமொன்றின் பெயரே வந்தது. இதனைத் தந்திரத்தாற் சுற்றிப் போகலாம் என்று சொல்வார் பலர் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. களவாடப்பட்ட பொருளாக இருப்பின் நாமும் அக்களவிற் பங்காளராவோம் அல்லவா? திரையிற் கண்ட நிறுவனத்தின் முகவரியைத் தேடி, கணினியின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டின் படத்தையும் இணைத்து, உள்ளது உள்ளபடி மின்னஞ்சல் எழுதினோம். பதினொரு நாளின் பின் பதில் வந்தது. அந்தக் கணினியை அவர்கள் முறைப்படி கழித்து விற்றிருந்தார்கள். பதிவிலிருந்து பெயரை நீக்க மட்டும் மறந்துவிட்டார்கள். நீக்கினார்கள், பூட்டு அகன்றது. பதில் வராதிருப்பின் கடைக்கே திருப்பிக் கொடுக்க எண்ணியிருந்தோம். அதற்காகவே பற்றுச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டுத் தராத கடையிற் கணினி வாங்கவேண்டாம்.

இது நிற்க. அந்தத் தாயாரின் கதைக்கு வருவோம்.

தீவுப் பகுதியில் ஒரு வீடு. மகன் வெளிநாட்டிற் சில காலத்தின்முன் இறந்துபோனார். அவருடைய உடைமைகளோடு மடிக்கணினியும் வீடு வந்தது. தங்கைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. வேறு கணினி வாங்க அவர்களுக்கு வசதியில்லை. மன்றத்து நண்பரொருவர் எம்மை அழைத்துச் சென்றார். திறந்து பார்த்தோம், கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. வன்தட்டும் மறைமொழியில் இருந்தது. எமக்கோ அது பழகிய வேலை. பென்ட்ரைவைக் குத்தி, பழையதை அழிக்கவா என்று கணினி கேட்கும் இடம்வரை வந்துவிட்டோம். விரல் பொத்தானின் மேல் இருந்தது.

தேநீர் கொண்டு வந்த தாயார் எமக்குப் பின்னால் நின்று கேட்டார்:

"தம்பி, உதுக்குள்ளை அவன்ரை படங்கள் கிடக்குமே?"

"கிடக்கக்கூடும், அம்மா."

"அழிச்சால் திரும்ப வராதோ?"

"வராது, அம்மா."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார். தங்கைதான் பேசினார்: "அம்மா சொல்லுறபடி செய்யுங்கோ, அண்ணா. நான் போனிலை சமாளிப்பன்."

அன்பர்களே, நாம் நாணினோம். பூட்டைப் பற்றி எல்லாம் அறிந்திருந்த நாம், பூட்டினுள் இருப்பது என்ன என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை. கேட்டது படிப்பறிவு குறைந்த ஒரு தாய்.

கணினியை நிறுத்தி வீடு திரும்பினோம். வழியில், எம் ஊர்க் கோயிலிற் பாலஸ்தாபனம் நடந்த நாள் நினைவுக்கு வந்தது. திருப்பணி தொடங்குமுன் கோபுரத்திலோ கருவறையிலோ எவரும் உளியை வைப்பதில்லை. முதலில் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைத்துப் பூசை குறைவின்றி நடத்துகிறோம். அதன் பின்பே பழையது கழற்றப்படும். வேலை முடிந்த பின் கும்பாபிஷேகம். கோயிற் கட்டடத்தைப் புதுக்குவதற்கு இத்தனை முறை வகுத்த எம் முன்னோர், பழையதைப் புதுக்கும் எவ்வேலைக்கும் ஒரு விதியைத் தந்திருக்கிறார்கள்: உள்ளே உறைவதை முதலிற் பேணு, பின்பு இடி.

அடுத்த கிழமை மீண்டும் சென்றோம். மன்றத்து நண்பர்கள் பணம் சேர்த்துப் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கித் தந்தார்கள். மடிக்கணினியின் அடித்தகட்டைக் கழற்றினோம். பழைய தட்டு ஒரேயொரு திருகாணியில் நின்றது. அதனை எடுத்து, புதியதைப் பூட்டி, அதில் விண்டோஸை நிறுவினோம். அரைநாளில் தங்கைக்குக் கணினி ஆயத்தம். கணினியினுள்ளே ரி.பி.எம். என்னும் சில்லு ஒன்று உண்டு. பிற்லொக்கர் தன் திறவுகோலை அதிலேயே நம்பி வைத்திருக்கும். அந்தச் சில்லை வெறுமையாக்கும் கட்டளையை நாம் தொடவில்லை. ஆகவே மகனின் கடவுச்சொல் என்றேனும் ஒருவர் மூலம் தெரியவந்தால், பழைய தட்டை அதே கணினியில் மீளப் பூட்டித் திறக்க வழியுண்டு. 48 இலக்கமும் கிடைத்தால் ஐயமேயில்லை. அவர் வாழ்ந்த இடத்து நண்பர்களுக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை. தட்டு ஒரு துணியிற் சுற்றப்பட்டு, மகனின் சாதகக் குறிப்போடு அலுமாரியில் இருக்கிறது.

இனி, இளைஞர்களுக்கு வேலைமுறையைச் சுருக்கிச் சொல்வோம். முதலில் இரண்டு கேள்விகள்: இது யாருடையது? உள்ளே என்ன இருக்கிறது? இரண்டிற்கும் விடை கிடைத்த பின்பே கையை வையுங்கள். லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவைப் பென்ட்ரைவிலிருந்தே இயக்கலாம். வன்தட்டைத் தொடாமலே திரை, விசைப்பலகை, வைஃபை எல்லாம் நன்றாக உள்ளனவா என்று பார்க்க இது உதவும். விண்டோஸ் நிறுவ 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று போதும்; அதற்குரிய கோப்பை மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். உடைத்த பிரதிகளை வாங்காதீர்கள். அவற்றோடு வருவது என்னவென்று எவரும் அறியார். 2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வந்த காலந்தொட்டு, விண்டோஸுடன் விற்கப்பட்ட பெரும்பாலான கணினிகளின் உரிமத் திறவுகோல் கணினியின் சில்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தட்டை மாற்றினாலும் அது போகாது. ஆதலால் உரிமத்திற்கு மறுபடியும் பணம் கொடுக்கவேண்டியதில்லை. கணினியைத் தொடக்கும்போது டெல் கணினியில் எவ் 12, எச்.பி. கணினியில் எவ் 9 விசையை அழுத்தினாற் பென்ட்ரைவைத் தெரியலாம். வேலை முடியும்வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு ரி.பி.எம். 2.0 வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அவற்றைக் குப்பையில் எறியவேண்டா. லினக்ஸ் அவற்றிலும் ஓடும், விலையும் இல்லை. 1991ஆம் ஆண்டில் லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அப்பொழுது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர், எம் வயதினர்.

மேனாட்டார் செய்த கருவி எமக்கு எதற்கு என்று கேட்போர்க்கு எம் ஊர் வரலாறே விடை சொல்லும். நல்லூர் ஆறுமுகநாவலர் அவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அச்சியந்திரம் பிறர் கருவி என்று அவர் ஒதுக்கவில்லை. பிறர் அச்சிட்டுத் தருவார் என்று காத்திருக்கவுமில்லை. மிஷன் பாடசாலையொன்றிற் படித்த எமக்கு, கருவியைப் பாவிப்பதோடு நில்லாமல் அதனை ஆளவும் கற்கவேண்டும் என்பதை அவர் வாழ்வே உணர்த்துகிறது.

முடிவாக, மன்றத்தின்முன் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பூரணை விடுமுறையிலும் மன்ற மண்டபத்தில் மடிக்கணினி திருத்தும் பணியை நடத்துவோம். கூலி வேண்டா. கணினி யாருடையது, எங்கிருந்து வந்தது, உள்ளிருந்தவை பேணப்பட்டனவா என்ற மூன்றையும் ஒரு கொப்பியிற் பதிவோம். இம் மலரை வாசிக்கும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: கணினி அனுப்புமுன் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, வேண்டியவற்றைப் பிரதிசெய்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அதனிலும் மேலாக, உங்கள் திறவுகோலை வீட்டில் நம்பிக்கையான ஒருவர் அறியும்படி எழுதி வையுங்கள். எந்தத் தாயும் பூட்டிய பெட்டியின்முன் நிற்கவேண்டாம்.