பூட்டுக்காரர் பிடித்த வெடிப்பு



வீட்டுத் தொலைநோக்கியில் விண்மீன் மண்டலங்களைப் படம் பிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நேரே அர்ஜென்டினாவுக்குப் போகிறேன். ரொசாரியோ நகரம். பூட்டு, சாவி வேலை செய்கிற விக்டர் பூசோ என்ற மனிதர். 2016 செப்டம்பர் 20 இரவு, புதுக் கேமராவைச் சோதிக்க மொட்டைமாடி ஏறுகிறார். அங்கே 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதை என்ஜிசி 613 என்கிற மண்டலத்தின் பக்கம் திருப்புகிறார். நகரத்து வெளிச்சத்தில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. நெடுநேரம் திறந்துவைத்தால் படம் பாழ். ஆகவே இருபது இருபது நொடியாக எடுத்துத் தள்ளுகிறார்.

அந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நூறு படம் அடுக்கினால், படத்தைக் கெடுக்கிற புள்ளி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இந்த வேலை செய்கிற பிள்ளைகளைப் பாருங்கள்: தொலைநோக்கிக்கு மூடி போட்டு, வெறும் இருட்டையே படம் பிடிப்பார்கள்! கேமரா தானாகப் போடுகிற புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் அந்த இருட்டுப் படம்.

“ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் இருக்கும்போது இவன் ஏன் ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறான்?” என்று கேட்கிற மேதைகள் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லி இந்த மேடையை நான் அழுக்காக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அன்று இரவு, அந்த நேரத்தில், அந்த மண்டலத்தில் நடந்ததைப் படம் பிடித்தது யார்? எங்கள் பூட்டுக்காரர்!

முதலில் எடுத்த படங்களில் இல்லாத ஒரு புள்ளி, பிறகு எடுத்தவற்றில் இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் ஒளி ஏறுகிறது. ஒரு நட்சத்திரம் வெடித்து, அதிர்வலை அதன் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வருகிற முதல் வெளிச்சம் அது! கோடியில் ஒருவனுக்குக்கூட வாய்க்காதது என்றார்கள் ஆய்வாளர்கள். 2018இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பட்டியலில் பூட்டுக்காரர் பெயரும் இருக்கிறது. தட்டுங்கள் கையை!

நமக்கென்ன குறை? நம் காவலூர் வானாய்வகத்தில் 1968இல் வேலை தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. பூட்டுக்காரருடையதைவிடச் சிறியது! அதற்கு ஜவ்வாது மலையின் இருட்டு இருந்தது. நம் ஊருக்கு அதுதான் இல்லை. ஆன்ட்ரோமெடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும், ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அகலத்துக்கு நம் தலைக்கு மேல் விரிந்து கிடக்கிறது. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? எப்படிப் பார்ப்பீர்கள்? தெருவுக்கென்று வாங்கிய விளக்கு வானத்துக்கல்லவா எரிகிறது! வரிப்பணம் நம்முடையது, வெளிச்சம் மேகத்துக்கா?

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. பெண்கள் பயமில்லாமல் நடக்க வெளிச்சம் வேண்டும். அது தரையில் விழட்டும். ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ஒரு தகடு போடுங்கள். கடை மூடிய பிறகு விளம்பரப் பலகையை அணையுங்கள். நகராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். மேடைக்கு இடப்பக்கம் மேசை இருக்கிறது. ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்!