விளக்கு சொன்ன பொய்

எனக்குப் பேசத் தெரிந்தது வண்டி ரிப்பேர் ஒன்றுதான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991. நெய்வேலி டவுன்ஷிப்பில் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்ட அப்பா, பச்சை விளக்கைப் பார்த்து நியூட்ரல்தான் என்று கிளட்சை விட்டார். வண்டி கியரில் இருந்தது. ஒரே பாய்ச்சல்! கேட்டருகே நின்ற தங்கச்சி மயிரிழையில் தப்பினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு மாமா வந்தார். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். "விளக்குக்கு கியர் தெரியாதுடா. பேட்டரி கரண்டு பல்பு வழியா வந்து, நியூட்ரல்ல மட்டும் ஸ்விட்ச் மூலமா எஞ்சின் பாடியில எர்த் ஆகும், அவ்வளவுதான்" என்றார். ஸ்விட்சிலிருந்து ஒயரைக் கழற்றினார். அப்போதும் விளக்கு எரிந்தது! அணைந்திருந்தால் ஸ்விட்ச் மேல் சந்தேகம். எரிந்ததால் ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறது. தடவிக்கொண்டே போனோம். செயின் கவர் ஓரத்தில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. டேப் சுற்றி, ஒயரை ஒதுக்கிக் கட்டினோம்.

விளக்கே எரியாவிட்டால் கழற்றிய ஒயரை எஞ்சினில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் ஸ்விட்ச் பழுது. இல்லையென்றால் பல்பு, ஃபியூஸ், ஒயர். (புல்லட்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கு நியூட்ரல் ஃபைண்டர் இருந்தது!)

அப்புறம் அப்பா, கிளட்சைப் பிடிக்காமல் வண்டியை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிக்கரை மிதிப்பார். தங்கச்சி மட்டும் அந்த கேட் பக்கமே நிற்க மாட்டாள்.