மலிவும் பொறுமையும்



2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலையும் வெகுவாக உயர்ந்தது. இன்றும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் வாப்பாவிடம் கேட்கின்றனர்: "கையிலுள்ள பணத்துக்கு ஒரு பழைய வண்டியை வாங்குவோமா, இன்னும் சேமிப்போமா?"

முதலில் தேவையை உங்கள் உள்ளத்திடம் கேளுங்கள். வண்டியின்றித் தொழில் தடைப்படுமாயின் எளிய வண்டி இழிவன்று. ஆனால் பிரேக்கையும் டயரையும் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சின், செசி இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். உரிமை மாற்றத்தைத் தாமதியாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிரேக் பிடிக்காத வண்டி மலிவன்று. அதன் மீதி விலையைக் காலி வீதியில் உயிரால் செலுத்த நேரிடலாம்.

நண்பர்கள் வியக்க வேண்டுமென்பதே நோக்கமாயின், பஸ்ஸில் சென்று சேமியுங்கள். அவசரத்தால் வட்டி லீசிங்கின் வாசலை மிதிக்காதீர்கள்.

பெற்றோர்களே! "இல்லை" என்று மட்டும் கூறி முடித்துவிடாதீர்கள். பிள்ளையுடன் அமர்ந்து மாதக் கணக்கை எழுதுங்கள். ஹெல்மெட்டின் விலையையும் அதில் சேருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.